எந்த வரியில் நின்றீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்: இயற்பியலும் நிரலாக்கமும்

பழைய வட ஆற்காடு இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து கிடந்தாலும், அங்கிருந்து வந்த கடிதங்களில் புலம்பல் ஒன்றுதான்: "சொல்லிக்கொடுத்தால் புரிகிறது, தனியாக உட்கார்ந்தால் கை ஓடவில்லை." இயற்பியலில் கை ஓடாததும் நிரலாக்கத்தில் கை ஓடாததும் பெரும்பாலும் ஒரே வியாதி. அதனால் இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

வகுப்பில் சார் கணக்குப் போடும்போது எல்லாம் புரிகிறது. வீட்டில் பயிற்சிக் கணக்கை எடுத்தால் எந்தச் சூத்திரம் போடுவது என்றே தெரியவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 92 மதிப்பெண் எடுத்தவள் நான். எனக்கு இயற்பியல் வராதா?
– பிளஸ் ஒன் மாணவி, காட்பாடி

அந்த 92 பெரும்பாலும் நினைவில் வைத்து எழுதியதற்குக் கிடைத்தது. பிளஸ் ஒன் இயற்பியல் கேட்பது வேறு. "எந்தச் சூத்திரம்?" என்று தொடங்குகிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சூத்திரம் மூன்றாவதாக வர வேண்டிய ஆள். முதலில் படம், அடுத்து விசைகள், அதற்குப் பிறகுதான் சமன்பாடு.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். 30 டிகிரி சாய்தளத்தில் 4 கிலோ பெட்டி. உராய்வுக் குணகம் 0.2. ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி என்ன முடுக்கத்தில் இறங்கும்?

பெட்டியை மட்டும் தனியாக வரையுங்கள். சாய்தளத்தை அழித்துவிடுங்கள். இப்போது பெட்டியை யார் யார் தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள்? பூமி கீழே இழுக்கிறது: 40 நியூட்டன். தளம் தனக்குச் செங்குத்தாகத் தள்ளுகிறது. பெட்டி இறங்குவதால் உராய்வு மேல்நோக்கி இழுக்கிறது. மூன்றே அம்புகள். நாலாவதாக "கீழே சறுக்கும் விசை" என்று ஒன்றை வரைபவர்கள் ஏராளம். அது தனி விசை அல்ல, எடையின் ஒரு கூறு. எடையையும் வரைந்து அதன் கூறையும் வரைந்தால் ஒரே விசையை இருமுறை எண்ணியதாகிவிடும்.

அடுத்து அச்சுகள்: ஒன்று சாய்தளத்தை ஒட்டி, மற்றது அதற்குச் செங்குத்தாக. செங்குத்துத் திசையில் முடுக்கம் இல்லை. எனவே செங்குத்து விசை = 40 × காஸ் 30 = 34.6 நியூட்டன். (இதையே 40 என்று எழுதுவதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. 40 என்பது சமதரையில்தான்.) உராய்வு = 0.2 × 34.6 = 6.9. தளத்தை ஒட்டிய எடைக்கூறு = 40 × சைன் 30 = 20. மிச்ச விசை 13.1 நியூட்டன். 4-ஆல் வகுத்தால் முடுக்கம் சுமார் 3.3 மீ/வி².

சைனா காஸா என்று குழம்பினால் கோணத்தைப் பூஜ்ஜியமாக்கிப் பாருங்கள். சமதரையில் பெட்டி தானாக ஓடக்கூடாது. சைன் 0 பூஜ்ஜியம், சரி. மாற்றிப் போட்டிருந்தால் மேஜைமேல் வைத்த பெட்டி தானாகக் கிளம்பி ஓடும். பரீட்சை அறையிலும் இந்தச் சோதனைக்கு ஐந்து நொடிக்கு மேல் ஆகாது.

இனி பயிற்சி. தீர்த்துக் காட்டிய கணக்கை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் அதையே போடுங்கள். நின்றுபோன இடத்தில் புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு புள்ளி. மூன்று நாள் கழித்து அதே கணக்கை மறுபடி போடுங்கள். இருபது கணக்குகளை வாசிப்பதைவிட மூன்றை இப்படிப் போடுவது மேல். ஒரு மாதம் கழித்துச் சிவப்புப் புள்ளிகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். சிலருக்கு எல்லாமே படம் வரையும் இடத்தில் இருக்கும், சிலருக்குக் கூறுபிரிக்கும் இடத்தில்.

எனக்கு வராதது இயற்பியலா, கணக்கா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– பிளஸ் டூ மாணவன், வாலாஜாபேட்டை

சமன்பாடு எழுதும்வரை நீங்கள் போங்கள். அங்கே நிறுத்தி, கணிதத்தில் கெட்டியான நண்பரிடம் அந்தச் சமன்பாடுகளை மட்டும் கொடுங்கள், கேள்வியைக் காட்டாமல். அவர் விடை புத்தக விடையோடு ஒத்துப்போனால் உங்கள் இயற்பியல் சரி, ஓட்டை கணிதத்தில். ஒத்துப்போகாவிட்டால் சமன்பாடே தப்பு.

கணிதம்தான் என்றால் எல்லாவற்றையும் தோண்ட வேண்டாம். 0, 30, 45, 60, 90 டிகிரிகளுக்குச் சைன், காஸ் மதிப்புகள், வெக்டரைக் கூறுபிரித்தல், பத்தின் அடுக்குகள், எளிய வகையிடல். பிளஸ் ஒன் விசையியலில் பெரும்பகுதியை இவற்றை வைத்தே ஓட்டிவிடலாம். அலகு மாற்றத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்: மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் 3.6-ஆல் வகுத்து நொடிக்கு 20 மீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் 10⁻⁴ சதுர மீட்டர். 10⁻² என்று எழுதி விடையை நூறு மடங்கு தவறவிடுபவர்களுக்குக் குறைவே இல்லை.

பத்து வரை தமிழ்வழி. இப்போது ஆங்கிலவழியில் சேர்ந்துவிட்டேன். சொற்களே ஓடவில்லை.
– பிளஸ் ஒன் மாணவன், அணைக்கட்டு

மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு வையுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், உங்கள் வாயில் வரும் ஒரு வாக்கியம். மூன்றாவது பத்திதான் முக்கியம்.

உண்மையில் தொல்லை தருவது புதுச்சொல் இல்லை, தெரிந்த சொல். சந்தையில் "எடை 50 கிலோ" என்கிறோம். இயற்பியலில் அது நிறை. எடை சுமார் 490 நியூட்டன். வேகத்துக்குத் திசை கிடையாது, திசைவேகத்துக்கு உண்டு. ஆற்றலையும் திறனையும் பேச்சில் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். எல்லாவற்றையும்விட மோசமானது "வேலை". காட்பாடி ஜங்ஷனில் 20 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதளமான பிளாட்பாரத்தில் ஒரே வேகத்தில் நடப்பவர், மூட்டையின்மேல் இயற்பியல் கணக்குப்படி செய்யும் வேலை பூஜ்ஜியம். விசை மேலே, நகர்வு பக்கவாட்டில். அவரே மூட்டையோடு படியேறி 5 மீட்டர் உயரம் போனால் 20 × 10 × 5 = 1000 ஜூல். கழுத்து வலிக்கத்தான் செய்யும். அது தசையின் கணக்கு, மூட்டையின் கணக்கு இல்லை.

ரெக்கார்டு நோட்டில் இருக்கிற சி புரோகிராமை அப்படியே அடித்தால் ஓடுகிறது. லேபில் சின்னதாக மாற்றிக் கேட்டால் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.
– பாலிடெக்னிக் மாணவன், ராணிப்பேட்டை

திரையை அணைத்துவிட்டுப் பேப்பர் எடுங்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியிலும் என்ன செய்கிறது என்பதை நீங்களே கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேலே சாய்தளப் பெட்டிக்கு அம்பு வரைந்தோமே, இதுவும் அதே காரியம்தான்.

எடுத்துக்காட்டு: ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுவது. வேலூர் பின்கோடு 632001 என்று வையுங்கள். மூன்று பத்தி போடுங்கள்: எண், 10-ஆல் வகுத்த மீதி, தொகை. முதல் சுற்றில் மீதி 1, தொகை 1. எண்ணை 10-ஆல் வகுத்தால் 63200. அடுத்த சுற்றில் மீதி 0, தொகை அதே 1. பிறகு 6320, மறுபடி மீதி 0. அடுத்து 632: மீதி 2, தொகை 3. 63: மீதி 3, தொகை 6. கடைசியாக 6: தொகை 12. எண் 0 ஆனதும் மடக்கு (லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) நிற்கிறது. இந்த அட்டவணையைப் பார்க்காமல் எழுத முடிந்துவிட்டால், "இரட்டைப்படை இலக்கங்களை மட்டும் கூட்டு" என்று மாற்றிக் கேட்டாலும் எந்த வரிக்கு முன்னால் நிபந்தனை நுழைய வேண்டும் என்று கைக்கே தெரியும்.

இந்த எண்ணை வேண்டுமென்றேதான் எடுத்தோம். உங்கள் லேபில் இன்னும் அந்தப் பழைய நீலத்திரை டர்போ சி இருந்தால், அதில் 'இன்ட்' வகை 16 பிட். கொள்வது 32767 வரைதான். 632001-ஐ அதில் வைத்தால் மேல்பகுதி வெட்டுப்பட்டு உள்ளே −23359 உட்கார்ந்திருக்கும். "எண் 0-ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை" என்பது உங்கள் நிபந்தனையானால் மடக்கு ஒரு சுற்றுகூட ஓடாது. விடை 0 என்று வரும். தர்க்கம் சரி, வீட்டில் ஓடியது, லேபில் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். மாறியை 'லாங்' என்று அறிவித்து, வாங்கும் இடத்திலும் காட்டும் இடத்திலும் அதற்குரிய 'எல்டி' (%ld) குறியீட்டைப் போட்டால் சரியாகிவிடும்.

மடக்குக்குள் மடக்கு வந்தால் தலை சுற்றுகிறது. வீட்டில் தறி இருக்கிறது, அப்பாவுக்குக் கைலி நெசவு. எளிமையாகச் சொல்ல முடியுமா?
– பிசிஏ மாணவி, குடியாத்தம்

தறி இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியா! கட்டம் போட்ட கைலிக்குப் பாவு சேர்க்கும் கணக்கே மடக்குக்குள் மடக்குதான். ஒரு கட்டத்துக்குச் சிவப்பு 20 இழை, வெள்ளை 4 இழை, இப்படி 25 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிமடக்கு கட்டங்களை எண்ணுகிறது: 1 முதல் 25 வரை. உள்மடக்கு ஒரு கட்டத்துக்குள் இழைகளை எண்ணுகிறது: 1 முதல் 24 வரை, 20-ஐத் தாண்டினால் வெள்ளை. மொத்தம் 25 × 24 = 600 இழை. உள்மடக்கு முழுதாக ஒருமுறை முடிந்த பிறகுதான் வெளிமடக்கு ஒரு படி நகரும்.

எங்கே தப்பு வரும்? இழை எண்ணிக்கையை 1 என்று தொடங்கும் வரியை வெளிமடக்குக்கு வெளியே வைத்துவிட்டால், முதல் கட்டம் ஒழுங்காக வரும். எண்ணிக்கை 25-இல் நின்றுவிடும். இரண்டாவது கட்டத்தில் உள்மடக்கு "24 தாண்டியாயிற்றே" என்று நுழையாமலே திரும்பிவிடும். முதல் கட்டத்துக்கு மட்டும் இழை, மீதி 24 கட்டமும் காலி. 'வைல்' மடக்கில் இது சர்வ சாதாரணம். 'ஃபார்' மடக்கு எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் தானே புதிதாகத் தொடங்குவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, சி-யில் 'ஃபார்' வரியின் முடிவில் கைப்பழக்கத்தில் ஓர் அரைப்புள்ளியைப் போட்டுவிடுவது. மடக்கு வெறுமனே சுற்றி முடியும், கீழே உள்ள வரி ஒரே ஒரு முறை ஓடும். பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை.

என் மகன் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கும் வசதி இப்போது இல்லை. போனை வைத்துக்கொண்டு பைத்தான் பழக முடியுமா ஐயா?
– ஒரு தாய், ஆம்பூர்

முடியும் அம்மா. பள்ளிப் பாட அளவுக்கு ஆண்ட்ராய்டு போன் போதும். 'பைட்ராய்டு 3' என்ற செயலியை இறக்கிக்கொண்டால், பாடத்தில் வரும் நிரல்களை நெட் இல்லாமலும் ஓட்டலாம்.

போனில் மட்டும் வரும் சில தொல்லைகளை முன்பே சொல்லிவைக்கிறோம். கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பைத்தானுக்குச் சிறிய எழுத்தில் எழுதிய 'பிரிண்ட்' மட்டும்தான் தெரியும், பெரிய எழுத்தில் தொடங்கினால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லிவிடும். கீபோர்டு செட்டிங்கில் அந்த வசதியையும் எழுத்துத் திருத்தத்தையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் நண்பன் அனுப்பும் நிரலை ஒட்டினால் சில நேரம் மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக மாறி வரும். பைத்தான் அவற்றை ஏற்காது, அழித்துவிட்டு நேர்க்குறி போட வேண்டும். உள்தள்ளலுக்கு (வரியின் தொடக்கத்தில் விடும் இடத்துக்கு) எப்போதும் நான்கு இடைவெளி. ஒரு வரியில் டேப், அடுத்த வரியில் இடைவெளி என்று கலக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. 'இன்புட்' மூலம் வாங்குவது எண்ணாகத் தெரிந்தாலும் எழுத்துச்சரம்தான். 5-ஐயும் 5-ஐயும் கொடுத்துக் கூட்டினால் 10 வராது, 55 வரும். 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்ற வேண்டும்.

விரலால் தட்டுவது சலிப்பாக இருந்தால் ஓடிஜி இணைப்பான் ஒன்றை வாங்கி, சாதாரண யுஎஸ்பி கீபோர்டைப் போனில் செருகலாம். சில போன்களில் செட்டிங்கில் ஓடிஜி-யை ஆன் செய்தால்தான் வேலை செய்யும். சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும், கீபோர்டு கெட்டுப்போனது என்று நினைத்துவிட வேண்டாம். எப்படியும் நிரலை முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு போனைத் தொடட்டும். தேர்விலும் பேப்பரில்தானே எழுதப்போகிறான்.

இயற்பியல் சூத்திரம் சரி, நிரலும் பிழையில்லாமல் ஓடுகிறது. விடை மட்டும் அபத்தமாக வருகிறது.
– பொறியியல் முதலாமாண்டு மாணவி, ஆற்காடு

நிரலை அனுப்பவில்லை. ஆனாலும் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்வோம்.

இயக்க ஆற்றல் பூஜ்ஜியமாக வருகிறதா? சி-யில் 1/2 என்று தொடங்கி நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கியிருப்பீர்கள். இரண்டு முழு எண்களை வகுத்தால் சி முழு எண்ணைத்தான் தரும். 1/2 என்பது அங்கே 0. அதன்பின் எதைப் பெருக்கினாலும் 0தான். 0.5 என்று எழுதுங்கள். பைத்தான் 3-இல் 1/2 என்றால் 0.5 என்றே வரும். அதனால் பள்ளியில் பைத்தான் பழகிவிட்டு இங்கே வருபவர்கள் கட்டாயம் ஒருமுறை இதில் மாட்டுவார்கள்.

எறிபொருள் பின்னால் போய் விழுகிறதா? நொடிக்கு 20 மீட்டர், 15 டிகிரி கோணம். கிடைவீச்சுச் சூத்திரத்தில் வருவது கோணத்தின் இருமடங்கு: 400 × சைன் 30 ÷ 10 = 20 மீட்டர். கம்ப்யூட்டரின் சைன் டிகிரியை அறியாது, கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில்தான் பேசும். 30 என்று கொடுத்தால் 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு −0.988 தரும். கிடைவீச்சு −39.5 மீட்டர்! டிகிரியைப் பை-யால் பெருக்கி 180-ஆல் வகுத்துவிட்டுக் கொடுங்கள்.

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். கீழே விழும் கல்லை நிரலால் கணக்கிட்டால் ஒருவனுக்கு 19 மீட்டர், இன்னொருவனுக்கு 21 மீட்டர் வருகிறது. சரியான விடை 20. இருவர் நிரலிலும் பிழை இல்லை என்கிறார்கள். எப்படி?
– மாணவன், வேலூர்

நல்ல கேள்வி. 0.1 நொடிப் படியில் 2 நொடி ஓட்டியிருக்கிறீர்கள், ஈர்ப்பு முடுக்கம் 10. ஒவ்வொரு படியிலும் திசைவேகம் 1 கூடுகிறது.

முதலாமவர் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் தூரத்தைக் கூட்டி, பிறகு திசைவேகத்தை உயர்த்தியிருக்கிறார். அதாவது படியின் தொடக்கத் திசைவேகம்: 0, 1, 2 … 19. கூட்டினால் 190. 0.1-ஆல் பெருக்க 19 மீட்டர். இரண்டாமவர் அந்த இரண்டு வரிகளையும் மாற்றிப் போட்டிருக்கிறார்: 1, 2 … 20. கூட்டினால் 210, தூரம் 21 மீட்டர். உண்மையில் கல் அந்த 0.1 நொடிக்குள்ளும் வேகம் கூடிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் குறைத்துக் கணக்கிட்டார், மற்றவர் கூட்டிக் கணக்கிட்டார். படியை 0.01 ஆக்குங்கள்: 19.9, 20.1 என்று நெருங்கிவரும். பழைய, புதிய திசைவேகங்களின் சராசரியை எடுத்தால், முடுக்கம் மாறாத இந்தக் கணக்கில், எந்தப் படியிலும் 20.

காற்றுத்தடையைச் சேர்ப்பதற்கு முன்னால் இப்படி விடை தெரிந்த கணக்கில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மடக்கை நிறுத்தும் நிபந்தனையில் "நேரம் 1-க்குச் சமமாகும்வரை" என்று எழுத வேண்டாம். 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் கம்ப்யூட்டருக்கு வருவது 0.9999999999999999. சமம் ஆகாது, மடக்கு ஓடிக்கொண்டே இருக்கும். படிகளை முழு எண்ணில் எண்ணுங்கள்.

தனி ஊசல் செய்முறையில் எனக்கு எப்போதும் ஈர்ப்பு முடுக்கம் 10.8 பக்கம் வருகிறது. 9.8-க்கு இழுத்து எழுதிவிடட்டுமா?
– மாணவன், திருப்பத்தூர்

வேண்டாம், அந்த 10.8 உங்கள் தவறைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்டாப்வாட்சை அமுக்கும்போதே "ஒன்று" என்று எண்ணுகிறீர்கள். 20 அலைவு என்று எழுதியது உண்மையில் 19. அலைவுநேரம் 5 சதவீதம் குறைந்து, ஈர்ப்பு முடுக்கம் 9.8 × (20/19)² = 10.86 ஆகிறது. "சுழி" என்று சொல்லி அமுக்குங்கள். நீளத்தைக் கட்டிய இடத்திலிருந்து குண்டின் மையம்வரை அளக்க வேண்டும், கொக்கிவரை அல்ல. வீச்சுக் கோணம் 10 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒரு மீட்டர் நூலில் ஒரு நட்டைக் கட்டி வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஓர் அலைவுக்கு 2 நொடி வர வேண்டும்.

மகளுக்கு இயற்பியலில் பிடிப்பு வர காவலூர் தொலைநோக்கியைக் காட்டலாம் என்கிறார்கள். பயன் இருக்குமா?
– ஒரு தந்தை, வாணியம்பாடி

மதிப்பெண் கூடும் என்று கூட்டிப்போகாதீர்கள். ஆனால் ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கம் இருக்கும் அந்த வைணு பாப்பு வானாய்வகம் உங்களுக்குக் கூப்பிடுதூரம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியது. போகுமுன் மகளிடம் ஒரு கணக்குக் கொடுங்கள்: இருட்டில் விரிந்த கண்மணி 7 மில்லிமீட்டர், ஆடி 2340 மில்லிமீட்டர். எத்தனை மடங்கு ஒளியைச் சேர்க்கும்? 334 என்று சொன்னால் விட்டத்தோடு நின்றுவிட்டாள் என்று அர்த்தம். பரப்புக்கு வர்க்கம் எடுக்க வேண்டும்: ஒரு லட்சத்துப் பதினோராயிரம் மடங்குக்கும் மேல். பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள், ஆய்வில் அதன் பின்னால் இருப்பது கேமராவும் நிறமாலைமானியும்தான். பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் போய் வானத்தைத் தேட வேண்டாம். மாசிக்கு மேல் போங்கள்.